ஆல்டர்னேட்டரை மாட்டிய கை

அத்தியாயம் 4

காணாமல்போனவர்களைத் தேடுவதைவிடச் செத்துப்போனவர்களைத் தேடுவது சுலபம். அவர்கள் இடம் மாற மாட்டார்கள். ஆனால் இந்த ஆள் செத்தாரா, காணாமல்போனாரா என்பதே தெரியாததால் மூக்கர் காலை எட்டு மணிக்கே களைத்துப்போயிருந்தார்.

"சார், உள்ள ஏதாவது தெரியுதா, இல்ல தூங்கிட்டீங்களா?" என்றாள் ரேடியோ, டார்ச்சைப் பிடித்தபடி.

"தெரியுது. இடுப்பு வலி தெரியுது."

அறுபது வயதான ஒரு சந்தன நிறக் காரின் பானட்டுக்குள் மூக்கர் பாதி உடம்பை நுழைத்திருந்தார். முப்பது வருடமாகத் துப்பறிகிறவர். மூக்கு கொஞ்சம் பெரியது என்பதால் வந்த பெயரா, அடுத்தவர் விஷயத்தில் அதை நுழைப்பதால் வந்த பெயரா என்று அவரே விசாரித்ததில்லை. ரேடியோ அவருடைய உதவியாளர். முன்பு தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள், நாற்பது வயது. தூங்கும்போது மட்டும்தான் ஒலிபரப்பு நிற்கும் என்று அவள் கணவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

காருக்கு அந்தப் பக்கம் பெயிண்டர் நின்றுகொண்டிருந்தார். கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். வழக்கைக் கொண்டுவந்தவரும் அவர்தான். முழங்கை வரை தேய்ப்புத்தாள் தூசி. கண்ணுக்குக் கீழே நாலு வருடத்துத் தூக்கம் பாக்கி.

"இன்னொரு தடவை சொல்லுங்க. படகிலேர்ந்து ஆரம்பிங்க" என்றார் மூக்கர்.

பெயிண்டர் சொன்னார். அவருடைய அண்ணன் ஆட்டோ எலக்ட்ரிஷியன். பழைய வண்டி என்றால் உயிர். நாலு வருடம் முன்பு ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வண்டி நின்றுபோய்விட்டது என்று கூப்பிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு படகு ஏறினார். நடு ஆற்றில் படகு கவிழ்ந்தது. பதினாலு பேரில் பதிமூன்று பேர் ஒரு வாரத்துக்குள் கிடைத்துவிட்டார்கள், உயிரோடோ இல்லாமலோ. அண்ணன் மட்டும் கிடைக்கவில்லை.

"போன வாரம் பெயிண்ட் அடிக்கறதுக்காக இந்த பானட்டைத் திறந்தேன் சார். திறந்தா இது இருக்கு" என்று பெயிண்டர் கையை நீட்டினார்.

இன்ஜின் பக்கத்தில், பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்துக் காரில் அது இருக்கக் கூடாது. அப்போதெல்லாம் டைனமோதான். வண்டி மெதுவாகப் போனால் டைனமோ சார்ஜ் ஏற்றாது, ஹெட்லைட் மங்கிவிடும். அதனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டுக்கொள்வார்கள். அதற்கு வயர் இழுத்துக் கொடுப்பதில்தான் அண்ணன் பெயர் பெற்றவர்.

ஆல்டர்னேட்டரிலிருந்து மூன்று வயர்கள் கிளம்பின. ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகு தேய்த்த நூலால் முடிச்சு. சிவப்புத் தடி வயரில் ஒரு முடிச்சு, மஞ்சளில் இரண்டு, பச்சையில் மூன்று.

"எங்கண்ணன் முடிச்சு. ஒண்ணு பாட்டரிக்குப் போறது. ரெண்டு சார்ஜ் லைட்டுக்கு. மூணு சாவி சுவிட்சுக்கு. இந்த ஊர்ல வேற யாரும் இப்படிக் கட்ட மாட்டாங்க."

"முன்னாடியே கட்டினதா இருக்கலாமே" என்றாள் ரேடியோ. "படகுக்கு முன்னாடி."

அதைத்தான் மூக்கர் தேடிக்கொண்டிருந்தார். ஆல்டர்னேட்டரில் கம்பெனிப் பெயர்த் தகடு இல்லை. பின்பக்கம் ஏதோ பொறித்திருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது, கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

காரின் சொந்தக்காரரும் பக்கத்தில் நின்றிருந்தார், ஓய்வுபெற்ற பல் டாக்டர். சட்டைப் பையிலிருந்து நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டினார். "கடைவாய்ப் பல் பார்க்கறது. இதுக்கும் ஆகும்."

ரேடியோ கண்ணாடியை நுழைத்து, அதில் தெரிந்ததைப் போனில் படம் பிடித்து, படத்தை இடவலமாகத் திருப்பினாள். தயாரித்த வாரம் மூன்று. வருடத்தைப் பார்த்ததும் படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"சார், இந்த ஆல்டர்னேட்டர் பொறந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது."

"நான் சொன்னேன்ல" என்றார் பெயிண்டர் மெதுவாக. "எங்கண்ணன் உயிரோட இருக்கார்."

பல் டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. போன மாதம்தான் ஒரு ஹோட்டல்காரரிடமிருந்து காரை வாங்கினார். ஹோட்டல்காரர் வெளிநாட்டில் மகனோடு இருக்கிறார், போன் எடுப்பதில்லை. "சார்ஜ் ஏறுது, லைட்டு எரியுது. வாயைத் திறந்து வலிக்குதான்னு நான் கேட்டுக்கல" என்றார்.

பெயிண்டர் அவர்களைத் தன் பெயிண்ட் கொட்டகையின் மூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு நீலக் கார். அது அண்ணனே வயர் இழுத்தது, ஆறு வருடம் முன்பு, தானே பக்கத்தில் நின்று பார்த்தது என்றார். மூக்கர் குனிந்தார். இடுப்பு ஆட்சேபித்தது. பச்சைத் தடி வயரில் ஒரு முடிச்சு, மஞ்சளில் இரண்டு, சிவப்பில் மூன்று. அதே நூல், அதே மெழுகு, முடிச்சின் வாலை அதேபோல் சாய்வாக வெட்டியிருந்தது. ரேடியோ இரண்டு காரையும் வயர், ஆல்டர்னேட்டர் எல்லாம் தெரியப் படம் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அண்ணி என்ன சொல்றாங்க?"

பெயிண்டரின் முகம் இறுகியது. "அண்ணி ஓட்டு ஃபாக்டரிக்குப் பின்னாடி ஒரு ஷெட்டுக்குக் குடி போயிட்டாங்க. ரெண்டு தடவை போனேன். உள்ள மெஷின் ஓடற சத்தம் கேட்குது. கதவைப் பாதி திறந்து, 'யாருமில்ல, போங்க தம்பி'ன்னு சாத்திட்டாங்க. அண்ணனை உள்ள வச்சிருக்காங்க சார். ஏன்னு எனக்குத் தெரியல. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துடுவேன்."

மூக்கர் தலையாட்டினார். அந்த ஆள் உயிரோடு இருந்தால் எதற்காகப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தம்பியை நாலு வருடம் தவிக்கவிட்டார் என்று கேட்க வேண்டும். செத்திருந்தால் இந்த மனிதரின் கண்ணெதிரே அவரை இன்னொரு தடவை சாகடிக்க வேண்டும். இரண்டில் எது நல்ல வேலை என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் தெரிந்திருந்தது.

பார்ட்ஸ் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் லேத்துப் பட்டறை. கூரைவரை அடுக்கில் ஆல்டர்னேட்டர்கள், கூண்டில் அடைத்த கோழிகள்போல. பார்ட்ஸ்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, ரேடியோவின் போனை வாங்கினார்.

"தகடு இல்லியா? தகடு இல்லாத ஆல்டர்னேட்டர், அப்பன் பேர் சொல்லாத புள்ள மாதிரி. ஜாடையை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

"ஜாடை யாரு மாதிரி இருக்கு?" என்றாள் ரேடியோ.

பார்ட்ஸ்காரர் படத்தைப் பெரிதாக்கினார். "காதைப் பாருங்க. இன்ஜின்ல மாட்டற காது. மேல ஒண்ணு, கீழ ரெண்டு. பின்னாடி சாக்கெட்டு முட்டை வடிவம், உள்ள ரெண்டு பின். தடி வயருக்குத் தனியா போல்ட்டு. இது சின்ன சரக்கு வண்டியோடது. பன்னெண்டு வோல்ட்டு. ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கு, வெளிய பெட்டி வேணாம். பழைய காருக்கு மாட்ட நல்ல சாதி."

"இது மாதிரி எத்தனை விப்பீங்க?"

"மாசம் இருபது. ஆளைக் கேட்காதீங்க, ஞாபகம் இருக்காது." போனைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் நிறுத்தினார். "இருங்க. இந்தப் புல்லி, பெல்ட்டு ஓடற இந்தச் சக்கரம், என்னுது."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஆல்டர்னேட்டரோட வர்ற புல்லி ஒல்லி. பழைய காரோட பெல்ட்டு அகலம். ரெண்டும் ஒத்துப்போகாது. அகலப் புல்லி ஒண்ணைத் தனியா கடைஞ்சு போடணும். அப்படிக் கடையறது என் லேத்து ஒண்ணுதான். அந்த ஓரத்துல ரெண்டு கோடு தெரியுதுல்ல? என் உளி பல்லு உடைஞ்சிருந்தப்ப விழுந்தது. அந்த வாரம் கடைஞ்சது எல்லாத்துக்கும் அந்தக் கோடு இருக்கும்."

மூக்கர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "யாருக்குக் கடைஞ்சீங்க?"

"ஒரு அம்மாவுக்கு. வீட்டுக்காரர் எலக்ட்ரிஷியன். அளவெல்லாம் அவர் எழுதிக் கொடுப்பார், இவங்க சீட்டைக் கொண்டுவருவாங்க."

ரேடியோ மூக்கரைப் பார்த்த பார்வையில் ஒரு முழுச் செய்தி அறிக்கை இருந்தது. மூக்கர் அதைக் கவனிக்காததுபோல் இருந்தார்.

"அவர் படகுல போயிட்டார்னு சொன்னாங்களே."

"நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன். அப்புறம் அந்தம்மா வந்து, 'இல்ல, தப்பிச்சுட்டார், நெஞ்சுல தண்ணி போயி ஒடம்பு முடியல, வெளிய வர்றதில்ல, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னாங்க. பாவம். கை மட்டும் நல்லா ஓடுது." பார்ட்ஸ்காரர் சுவரில் தொங்கிய கம்பியிலிருந்து ஒரு சீட்டை உருவினார். "இது போன வாரம் வந்தது."

பென்சிலில் எழுதியிருந்தது. புல்லியின் படம், அளவுகளோடு. கீழே: சிவப்புத் தடி வயர் மூன்று மீட்டர். மஞ்சள் நான்கு மீட்டர். பச்சை ஆறு மீட்டர்.

"முன்னாடி அவரே வருவாரா?" என்றார் மூக்கர்.

"வாராவாரம் வருவாரு. தங்கமான மனுஷன். 'அண்ணே, என்ன கலர் வயரு வேணும்'னு கேட்டா, 'கலர்ல என்னய்யா இருக்கு, தடிமன் சரியா இருந்தா போதும்'பாரு. கையில கிடைச்ச சுருளைத் தூக்கிட்டுப் போயிடுவாரு." பார்ட்ஸ்காரர் சிரித்தார். "இப்ப பாருங்க, படுத்த படுக்கையானதும் சிவப்பு, பச்சைன்னு பிரிச்சுப் பிரிச்சுக் கேட்கறாரு. நோய் வந்தாத்தான் சிலருக்கு ஒழுங்கு வருது."

மூக்கர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

ஓட்டு ஃபாக்டரிக்குப் போகும் பேருந்தில் கூட்டமில்லை. ஜன்னலோரம் வெயில். ரேடியோ முழு அலைவரிசையில் இருந்தாள்.

"கேஸ் முடிஞ்சுது சார். ஆள் உள்ள இருக்கார். அந்தம்மா வெளிய வந்து போறாங்க. ஏன் ஒளிஞ்சிருக்கார்னு மட்டும் கேட்டுட்டா, நான் நாலு மணிக்கு வீட்டுக்குப் போய் என் பசங்க என்னென்ன உடைச்சிருக்காங்கன்னு துப்பறியலாம்."

"காலையில எடுத்த படத்தை எடு. ரெண்டு காரும்."

எடுத்தாள்.

"நீலக் கார்ல பாட்டரிக்கு என்ன கலர் போகுது?"

"பச்சை."

"சாவி சுவிட்சுக்கு?"

"சிவப்பு. சந்தனக் கார்ல அப்படியே மாறியிருக்கு. பாட்டரிக்கு சிவப்பு, சாவிக்குப் பச்சை." அவள் தோளைக் குலுக்கினாள். "பாட்டரிக்கு சிவப்புதானே வழக்கம். நீலக் கார்ல அவசரத்துல மாத்திப் போட்டிருப்பார்."

"அவசரக்காரன் மஞ்சளையும் மாத்திப் போடுவான். மஞ்சள் ரெண்டு வண்டிலயும் சரியா இருக்கு. தடுமாறினது சிவப்பும் பச்சையும் மட்டும்தான்."

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"உனக்கு சிவப்பும் பச்சையும் நல்லாத் தெரியுதுன்னு வச்சுக்க. வயருக்கு வயர் முடிச்சு போட்டு அடையாளம் வைப்பியா? கலரே சொல்லிடுமே. எதுக்கு மெனக்கெடணும்?"

ரேடியோ ஜன்னலைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "அவருக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சிருக்கு."

"ம்."

"என் வீட்டுக்காரருக்குக்கூட நான் என்ன கலர் டிரெஸ் போட்டாலும் தெரியாது. ஆனா அது கண்ணு கோளாறு இல்ல." சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. போனை மூடிவிட்டுக் கேட்டாள்: "பிறவியிலேயே வர்றது, நோய் வந்தா சரியாயிடுமா சார்?"

"ஆகாது."

"அப்ப சந்தனக் காரை வயர் பண்ணினது…"

"அவர் இல்ல" என்றார் மூக்கர். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்தார். தூங்கவில்லை.

ஃபாக்டரி மூடி வருடங்கள் ஆகியிருந்தன. பின்னால் தகரக் கதவு போட்ட ஷெட். உள்ளே ஒரு இன்ஜின் ஓடும் சத்தம். மூக்கர் தட்டினார். சத்தம் நின்றது. கதவு ஒரு சாண் அகலத்துக்குத் திறந்தது.

நாற்பதைத் தொடும் வயது. தலையை ஒரு துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். விரலிடுக்கில் கரி.

"என்ன வேணும்?"

"ஒரு பழைய கார். ஆல்டர்னேட்டர் மாத்தணும். உங்க வீட்டுக்காரரைப் பார்க்கணும்."

"தூங்கறார். ஒடம்பு முடியல. எங்கிட்ட சொல்லுங்க, சொல்லிடறேன்."

மூக்கர் குனிந்து வாசலில் கிடந்த இரண்டு வயர்த் துண்டுகளைப் பொறுக்கினார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இரண்டும் ஒரே தடிமன். கதவிடுக்கில் நீட்டினார்.

"எழுப்ப வேணாம்மா. முழிச்சதும் இதுல எது சிவப்புன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

அந்த அம்மாள் வயர்களைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளவில்லை. தெருவில் யாரும் இல்லை என்பதை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அது அவரைப் பெத்தவங்களுக்கே தெரியாது. உங்களுக்கு யார் சொன்னது?"

"அவரோட வயருங்கதான் சொல்லிச்சு."

கதவு முழுதாகத் திறந்தது.

ஷெட்டுக்குள் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மீதியெல்லாம் பட்டறை. இரும்புச் சட்டத்தில் ஒரு பழைய இன்ஜின் நின்றது. அதில் ஆல்டர்னேட்டர் மாட்டி, வயர்கள் ஒரு பலகையில் பதித்த சின்ன விளக்குக்குப் போயிருந்தன. தூங்குகிற ஆள் யாரும் இல்லை. கட்டிலில் ஒரே ஒரு தலையணை.

ரேடியோ ஒரு ஓரமாகப் போய் நின்றாள்.

"எப்ப கிடைச்சார்?" என்றார் மூக்கர்.

"பத்தொம்பதாம் நாள்." அந்த அம்மாள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க எதுவும் இல்லாமல் ஆன பிறகும். "ரொம்ப தூரம் கீழ, ஆத்துமுகத்துல. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் வந்துச்சு. போனேன். மூஞ்சி தெரியல. மோதிர விரல்ல வட்டமா ஒரு தழும்பு இருக்கும் அவருக்கு. ஒரு தடவை ஸ்பானர் பாட்டரில பட்டு மோதிரம் காய்ஞ்சு சுட்டது. அது இருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன். அங்கேயே அடக்கம் பண்ணினாங்க."

"தம்பிகிட்ட ஏன் சொல்லல?"

"வந்தேன் சொல்றதுக்கு. அவர் ஆத்தங்கரையிலயே கிடந்தார். நல்ல காய்ச்சல். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அண்ணன் உயிரோட இருக்கார் அண்ணி, எனக்குத் தெரியும்'னார். காய்ச்சல் இறங்கட்டும்னு இருந்தேன். இறங்கிச்சு. அதுக்குள்ள ஹோட்டல்காரர் அவரோட பழைய ஜீப்பை அனுப்பிட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. திருப்பி அனுப்பினா அப்புறம் எந்த வண்டியும் வராது. பொம்பளை கையில யார் சார் வண்டியைக் குடுப்பாங்க? 'அவர் பார்ப்பார், வச்சுட்டுப் போங்க'ன்னுட்டேன். வாய் தவறி வந்த ஒரு பொய். அதுக்கு நாலு வருஷமா சோறு போட்டு வளர்த்துக்கிட்டு இருக்கேன்."

"வேலை எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷம் அவருக்கு நூல்ல மெழுகு தேய்ச்சுக் குடுத்தேன். டாஷ்போர்டுக்கு அடியில கையை விட்டா கண்ணு எதுக்கும் ஆகாது, விரல்தான் எண்ணும். ஒண்ணு, ரெண்டு, மூணு. எனக்கு அப்படித்தான் வரும். கலர் எனக்குத் தெரியறதால கலரும் பார்த்துப் போட்டேன்." அவர் பலகையிலிருந்த சின்ன விளக்கைத் தொட்டார். "முதல் வண்டி மூணு நாள் சார்ஜே ஏறல. எல்லா வயரும் சரி, பாட்டரி சரி. அழுதுட்டேன். கடைசியில பார்த்தா இந்தச் சார்ஜ் லைட்டு பல்பு ஃபியூஸ் போயிருக்கு. இந்தப் பல்பு வழியா போற துளி கரண்ட்டுலதான் இந்த ரகம் முழிச்சுக்கும். அவர் இருந்திருந்தா வாசல்ல நின்னே சொல்லியிருப்பார்."

மூக்கர் மணியைப் பார்த்தார். நாலரை.

"உங்க கொழுந்தனார் ஆறு மணிக்கு போலீசுக்குப் போறார். நீங்க அண்ணனை அடைச்சு வச்சிருக்கீங்கன்னு எழுதிக் கொடுக்க."

"நீங்களே சொல்லிடுங்க சார். அது உங்க வேலைதானே?"

வேலைதான். முப்பது வருடமாக வாசல் வாசலாகப் போய் அதைத்தான் செய்திருக்கிறார். தொப்பியை, வாட்சை, செருப்பைக் காட்டி, இது அவருடையதுதானா என்று கேட்டிருக்கிறார். இன்றைக்கும் போய்விடலாம். பேருந்தில் இருபது நிமிடம். ஆனால் அவர் வாசல் பக்கம் திரும்பவில்லை.

"இல்லம்மா. இதை நான் சொன்னா அவர் நம்ப மாட்டார். உங்ககிட்டதான் வருவார், அதுவும் போலீசோட. நீங்க சொன்னா நம்புவார். கூப்பிடட்டுமா?"

அந்த அம்மாள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்து மடியில் வைத்து மடிப்பை நீவினார்.

"கூப்பிடுங்க" என்றார்.

பெயிண்டர் அரைமணி நேரத்தில் வந்துவிட்டார். கதவைத் தாண்டியதும் அவர் கண் முதலில் கட்டிலுக்குப் போனது. அப்புறம் பட்டறையின் மூலைகளுக்கு. அப்புறம் அண்ணியிடம்.

"அண்ணன் எங்க?"

அண்ணி காகிதத்தை நீட்டினார். பெயிண்டர் நின்றுகொண்டே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். தேதியில் விரலை வைத்துக்கொண்டு, அங்கே கிடந்த ஒரு டயரின்மேல் உட்கார்ந்தார்.

"நாலு வருஷம்" என்றார்.

தேதியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒவ்வொரு பஸ்ஸா ஏறி ஏறிப் பார்த்தேன் அண்ணி. கிறுக்கன்னாங்க."

"தெரியும் தம்பி. நானே பார்த்திருக்கேன்."

"பார்த்துமா சொல்லல?"

"பார்த்ததாலதான் சொல்ல முடியல. முதல் நாளே சொல்லியிருக்கணும். விட்டுட்டேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் கஷ்டமாயிடுச்சு. நான் செஞ்சது தப்புதான். மன்னிக்கச் சொல்லல."

பெயிண்டர் மூக்கர் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது. "முடிச்சு எங்கண்ணனுது சார். நீங்களும்தான் பார்த்தீங்க. எப்படி அவர் இல்லைன்னு கண்டுபிடிச்சீங்க?"

மூக்கர் சொன்னார். சிவப்பு, பச்சை, மஞ்சள். சுருக்கமாகச் சொன்னார், அலங்காரம் செய்யத் தெம்பில்லை.

பெயிண்டர் தலையை ஆட்டி மறுத்தார். "தப்பு. அண்ணனுக்குக் கலர் நல்லாத் தெரியும். நான் முதமுதல்ல தனியா அடிச்ச வண்டி, சிவப்பு. எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. அண்ணன் ஒருத்தர்தான் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, 'மழையில நனைஞ்ச செங்கல் மாதிரி இருக்குடா'ன்னார். அதுக்கப்புறம்தான் எனக்கு இந்த வேலை வரும்னு தைரியமே வந்துச்சு."

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நான் சொன்னது" என்றார்.

பெயிண்டர் நிமிர்ந்தார்.

"முந்தின நாள் சாயங்காலம் நீங்க வீட்டுக்குப் போனதும் என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். 'தம்பி என்ன கலர் அடிச்சிருக்கான், எது மாதிரி இருக்கு, சரியாச் சொல்லு, நாளைக்கு அவன் என் மூஞ்சியைத்தான் பார்ப்பான்'னார். நான் செங்கல்னு சொன்னேன். 'நனைஞ்சதா, காய்ஞ்சதா'ன்னு கேட்டார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தார். நீங்க அடிச்ச ஒவ்வொரு வண்டிக்கும் அப்படித்தான்."

பெயிண்டர் காகிதத்தை மடித்தார். இன்னொரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. அது உள்ளங்கைக்குள் அடங்கியதும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அண்ணி எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். தொடவில்லை. ரேடியோ போய் ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு வந்து, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பெயிண்டர் கேட்டார்: "எங்க வச்சிருக்காங்க?"

"ஆத்துமுகத்துல. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி. மாசம் ஒரு தடவை போவேன்."

"நாளைக்குப் போகலாமா?"

"காலையில ஆறு மணிக்கு பஸ். போக நாலு மணி நேரம் ஆகும்."

"ஸ்டாண்டுல நிக்கறேன்" என்றார் பெயிண்டர். தண்ணீரைக் குடித்தார். கதவுவரை போய், திரும்பாமலே சொன்னார்: "உங்க மேல கோவம் இருக்கு அண்ணி. ரொம்ப நாளைக்கு இருக்கும்."

"இருக்கட்டும்."

அவர் போய்விட்டார். அண்ணி கதவைச் சாத்தாமல் திறந்தே விட்டிருந்தார்.

"ஊருக்குத் தெரிஞ்சுடும்" என்றார். "இனிமே வண்டி வருமா சார்?"

வரும் என்று சொல்ல மூக்கருக்கு ஆசைதான். ஆனால் தெரியாததைச் சொல்லும் வயதைத் தாண்டியிருந்தார். போனை எடுத்து, பல் டாக்டரைக் கூப்பிட்டார்.

"டாக்டர், உங்க சந்தனக் காரை வயர் பண்ணின ஆள் கிடைச்சாச்சு. நீங்க நினைச்ச எலக்ட்ரிஷியன் இல்ல. அவர் நாலு வருஷம் முன்னாடியே செத்துப்போயிட்டார். செஞ்சது அவர் சம்சாரம். ஆமா. தனியா. எல்லாமே அவங்கதான்."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. அண்ணி போனையே பார்த்துக்கொண்டு நின்றார். ரேடியோ காதை நீட்டினாள்.

கடைசியில் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்கிட்ட இன்னொரு வண்டி இருக்கு. டைனமோ போயிடுச்சு. மூணு பேர் பார்த்துட்டு முடியாதுன்னுட்டாங்க. நாளைக்குக் காலையில அவங்க வருவாங்களான்னு கேளுங்க."

மூக்கர் கேட்கவில்லை. அவரே பதில் சொன்னார்.

"நாளைக்கு முடியாது டாக்டர். அவங்களுக்கு வெளியூர் போற வேலை இருக்கு. நாளை மறுநாள் வருவாங்க."